வியாழக்கிழமை வெளிக்கிட்ட பை

எங்கள் பயணம் வியாழக்கிழமை மாலை தொடங்கியது. நாங்கள் புறப்பட்டது சனிக்கிழமை காலையில். இடைப்பட்ட நேரத்தில் பயணம் போனது ஒரு பை மட்டும்தான், அதுவும் பக்கத்து வீடு வரைக்கும்.

இதை விளங்கப்படுத்தாவிட்டால் எனக்கு விசர் என்று நினைப்பீர்கள். கோயில் கலண்டரில் அந்தச் சனிக்கிழமைக்கு மரணயோகம் என்று போட்டிருந்தது. எனக்கு லீவு கிடைத்ததோ அன்றிலிருந்துதான். கெட்ட நாளில் புறப்பட வேண்டி வந்தால் அதற்கு எங்கள் ஆட்களிடம் ஒரு குறுக்குவழி இருக்கிறது. அதற்கு முன்னால் வருகிற நல்ல நேரத்தில், பயணம் போகிறவர்களின் பொருட்கள் சிலவற்றை ஒரு பையில் போட்டு, வாசல் தாண்டிக் கொண்டுபோய் இன்னொருவர் வீட்டில் வைத்துவிட வேண்டும். பை வெளிக்கிட்டால் நாங்களும் வெளிக்கிட்ட மாதிரித்தான். பிறகு வசதியான நாளில், போகிற வழியில் பையை எடுத்துக்கொண்டு போகலாம். கிரகங்களையே பேய்க்காட்டி ஏமாற்றுகிற வேலை என்று என் கணவர் சிரிப்பார். பேய்க்காட்டுவதென்றால் பேய்க்காட்டுவதுதான். இந்தப் பயணத்துக்கு மேலிருந்தோ கீழிருந்தோ ஒரு தடையும் வரக்கூடாது என்று நான் தீர்மானித்திருந்தேன்.

என் கணவர் ட்ரக் ஓடியவர். இந்த நாட்டுக்கு வந்து கண்ட வேலை எல்லாம் செய்து பார்த்துவிட்டு, பெரிய ட்ரக்குக்கு லைசென்ஸ் எடுத்தார். அதன் பிறகு வேறு வேலை பார்க்கவில்லை. ரொறன்ரோவில் மரக்கறியும் பழமும் ஏற்றிக்கொண்டு, சட்பரி தாண்டி, சுப்பீரியர் ஏரியைச் சுற்றி, தண்டர் பே போவார். சில நேரம் அதையும் தாண்டி வினிபெக். போகிற வழியில் ஏரிக்கரையில் நிறுத்திவிட்டு எனக்கு போன் எடுப்பார்.

"இஞ்சை ஏரியைப் பார்த்தீரெண்டால் கடலெண்டுதான் சொல்லுவீர். மற்றக் கரை தெரியாது" என்பார்.

நான் ஒரு கையில் அகப்பையும் மறுகையில் மகளின் தலைமயிருமாக நிற்பேன். "சரி, சரி. சாப்பிட்டீங்களோ?" என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவேன். ஒருநாள் உம்மைக் கூட்டிக்கொண்டு வந்து காட்டுவேன் என்று அவர் சொல்வார். மகள் பள்ளிக்கூடம் முடியட்டும், வீட்டுக்கடன் முடியட்டும், கலியாணம் முடியட்டும் என்று நாங்கள் இருவரும் தள்ளிக்கொண்டே வந்தோம். எல்லாம் முடிந்தது. அந்த நேரம் பார்த்து அவருடைய கண் கெடத் தொடங்கியது.

கண்ணுக்குள் அழுத்தம் கூடி நரம்பைத் தின்றிருக்கிறது. நேரே பார்ப்பது இன்றைக்கும் நன்றாகத்தான் தெரியும். பக்கங்கள்தான் இல்லை. மேசையின் ஓரத்தில் வைத்த தேத்தண்ணிக் கோப்பையைத் தட்டிவிடுவார், வாசல் நிலையில் தோள் இடிபடும். போன பார்வை திரும்பி வராது, இருக்கிறதைச் சொட்டு மருந்து காப்பாற்றும், ஆனால் எவ்வளவு காலத்துக்கு என்று சொல்ல முடியாது என்றார் டொக்டர். லைசென்ஸும் போயிற்று. ட்ரக் மட்டுமல்ல, கார்கூட ஓடக்கூடாது.

அதற்குப் பிறகு அவர் வாயில் ஒரே வார்த்தைதான். இனி என்ன. குளிருக்குப் புதுச் சப்பாத்து வாங்குவோமா என்றால், இனி என்ன. மகள் வீட்டில் பேரப்பிள்ளையின் பிறந்தநாளுக்கு என்ன கொடுக்கலாம் என்றால், நீரே பாரும், இனி என்ன. அடுத்த வருடம் என்றோ வருகிற கிழமை என்றோ அவர் வாயிலிருந்து ஒரு பேச்சு வருவதில்லை. முன்னறைக் கதிரையில் இருந்து தெருவில் போகிற வாகனங்களைப் பார்ப்பார். குப்பை லொறிக்காரன் பின்னுக்கு எடுக்கும்போது மட்டும் கழுத்தை நீட்டி, "வெட்டு, ஸ்டியரிங்கை இன்னும் வெட்டு" என்று முணுமுணுப்பார். எனக்குக் கோபம் மூக்கு நுனியில் என்று மகள் சொல்லுவாள். சரிதான். ஆனால் அந்தக் கதிரையைப் பார்க்கும்போது எனக்கு வந்தது கோபமில்லை, பயம். கண் போவதற்கு முன்னால் மனிதர் போய்விடுவாரோ என்ற பயம்.

அப்போதுதான் நான் முடிவெடுத்தேன். அவருடைய கண்ணில் வெளிச்சம் இருக்கும்போதே அந்த ஏரிக்கரையில் அவரைக் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். அவர் எனக்குக் காட்ட நினைத்ததை அவர்தான் எனக்குக் காட்ட வேண்டும். ஓட்டுவது நான்.

சொன்னவுடன் அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"நீரோ? ஹைவேயிலயோ?"

"ஓம். நான்தான் ஓடப்போறன்."

"மார்க்கம் ரவுணுக்கு மகளிட்டைப் போறதுக்கே நீர் ஊரெல்லாம் சுத்திப் போறனீர்."

அது பொய்யில்லை. என்னிடம் முழு லைசென்ஸ் எத்தனையோ வருடமாக இருக்கிறது. ஆனால் நான் ஓட்டுவது நாங்கள் இருக்கிற ஸ்காபரோ மோர்னிங்சைட்டிலிருந்து வேலைக்கு, கடைக்கு, கோயிலுக்கு, மகள் வீட்டுக்கு. எல்லாம் சிவப்பு விளக்கு உள்ள தெருக்கள். 401 ஹைவேயின் பக்கம் நான் தலைவைத்தும் படுத்ததில்லை. எங்கள் வீட்டிலிருந்து அதன் இரைச்சல் கேட்கும். அவ்வளவுதான் எனக்கும் அதற்கும் உள்ள பழக்கம்.

பக்கத்து வீட்டுக்காரி மன்னாரைச் சேர்ந்தவள், வேதக்காரி, என்னைவிட இளையவள். ஒரு வரிசை வீட்டில் ஒரே சுவரைப் பகிர்ந்துகொண்டு இருக்கிறோம். அவளிடம் விஷயத்தைச் சொன்னேன். ஞாயிறுகளில் பூசைக்கு முன்னால், தெருவில் சனம் குறைந்த நேரத்தில், அவள் எனக்குப் பக்கத்தில் இருப்பாள். மோர்னிங்சைட்டில் 401இல் ஏறி, அடுத்த எக்ஸிற்றில் இறங்கி, சுற்றி வந்து திரும்ப ஏறுவோம். கடைக்குப் போகிறோம் என்று வீட்டில் சொல்லிவிட்டு வந்ததால் திரும்பும்போது ஒரு பாணாவது வாங்கிக்கொண்டு வருவோம். முதல் நாள் இரண்டு எக்ஸிற்றுக்கு இடையில் அவள் கண்ணை மூடிக்கொண்டு பாதி ஜெபமாலையைச் சொல்லி முடித்துவிட்டாள்.

"அக்கா, நீங்கள் என்னை விசுவாசத்தில வளர்க்கிறியள்" என்றாள் இறங்கும்போது.

மே மாதம் முடியும்போது ஜெபமாலை அவளுடைய கைப்பைக்குள்ளேயே இருந்தது. அவள் ஜன்னலால் வெளியே பார்த்துக்கொண்டு தன் மாமியைப் பற்றிக் குறை சொல்லிக்கொண்டு வந்தாள். நான் ஓட்டப் பழகிவிட்டேன் என்று எனக்குத் தெரிந்தது அப்போதுதான்.

மகள்தான் கடைசி வரை சண்டை போட்டாள். "அம்மா, ஆர் யூ சீரியஸ்? அங்க போன் சிக்னல்கூட இல்லை. மாட்டைவிடப் பெரிய மூஸ் மான் ரோட்டுக்கு வரும். ஓகஸ்ட்ல நான் லீவு எடுக்கிறன், எல்லாரும் ஒண்டாப் போவம்."

"போன ஓகஸ்ட்டிலயும் இதைத்தான் சொன்னனி. மூஸ் வந்தால் நான் நிப்பாட்டுறன். உங்கடை மார்க்கத்தில ஆக்கள் மனுசருக்கே நிப்பாட்டுறேல்லை."

அவருடைய சம்மதம் மட்டும்தான் கிடைக்கவில்லை. ஓமென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை. "நீர் போறதெண்டால் போம்" என்றார். அவரில்லாமல் நான் எதற்கு அங்கே போகிறேன் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அழுதிருப்பேன்.

வியாழன் மாலை நல்ல நேரத்தில் பையை அடுக்கினேன். அவருடைய பொருளொன்று, என்னுடைய பொருளொன்று வைக்க வேண்டும். அவருக்கு, ட்ரக் ஓடிய காலத்து நீல ஜக்கெற்றை வைத்தேன். எனக்கு எதை வைப்பது என்று யோசித்தேன். நான் வேலை செய்வது ஒரு மருந்துக்கடையின் பின்பக்கத்தில். முதியவர்களுக்கு அன்றன்றைக்கு விழுங்க வேண்டிய மாத்திரைகளைப் பிரித்து அட்டையில் நிரப்புகிற வேலை. எதையும் இரண்டு தரம் பார்ப்பது எனக்கு ஊறிப்போன பழக்கம். அதனால் கெட்டித்தனமாக ஒரு வேலை செய்தேன். பையை எடுக்க மறந்துவிடக் கூடாது, ஆகவே எது இல்லாமல் நான் வீட்டை விட்டே நகர முடியாதோ அதையே பைக்குள் வைத்துவிட்டால் மறக்க மாட்டேன் என்று நினைத்தேன். என் லைசென்ஸை எடுத்து ஜக்கெற்றின் பொக்கற்றுக்குள் வைத்தேன்.

பக்கத்து வீட்டுக்காரி பையை வாங்கித் தன் மாதா சொரூபத்துக்குக் கீழே வைத்தாள். "ரெண்டு பக்கத்துக் காவலும் இருக்கட்டும் அக்கா" என்றாள். சனிக்கிழமை விடிய வாசலுக்குக் கொண்டுவந்து தருவதாகப் பேச்சு.

சனிக்கிழமை காலை நான் குசினியில் பிளாஸ்கில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தேன். புட்டும் மாசிச் சம்பலும் கட்டியாயிற்று. முதல் நாள் கடையில் வாங்கிய கட்லட்டும் ரோல்ஸும் ஒரு பெட்டியில் இருந்தன. காரின் டயருக்குக் கீழே வைத்து நசிக்க எலுமிச்சம்பழம் எடுத்துச் சட்டைப் பொக்கற்றில் போட்டிருந்தேன். முன்னறைக்கு வந்தால் கதிரை வெறுமையாக இருந்தது. கழிவறையிலும் ஆளில்லை. வெளியே எட்டிப் பார்த்தேன். சப்பாத்துப் போட்டுக்கொண்டு, தொப்பியும் வைத்துக்கொண்டு, காரின் பின்சீற்றில் பெல்ற் கட்டியபடி அவர் இருந்தார்.

எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. அவர் மனம் மாறுவதற்கு முன்னால் மோர்னிங்சைட்டைத் தாண்டிவிட வேண்டும் என்ற ஒரே நினைப்புத்தான். கிடைத்ததை எல்லாம் அள்ளிக் காருக்குள் போட்டேன். கதவைப் பூட்டினேனா என்று ஒரு தரம்தான் பார்த்தேன். காரை எடுத்தேன்.

"ஏன் பின்னுக்கு இருக்கிறியள்?" என்று கேட்டேன்.

"முன்னுக்கு இருந்தால் என்ரை கால் பிரேக்கைத் தேடும்."

401இல் ஏறும்போது கண்ணாடியில் பார்த்தேன். கண்ணை இறுக்க மூடியிருந்தார். நான் வேகத்தைக் கூட்டி, கண்ணாடி பார்த்து, தலையைத் திருப்பிப் பார்த்து, இடது பக்கத்தில் நுழைந்தேன். ஒரு பெரிய ட்ரக் வழிவிட்டது. அவர் கண்ணைத் திறக்காமலே, "அவன் விடுவான். உம்மடை சிக்னலைக் கண்டிட்டான்" என்றார். ஆக, கண் மூடியிருந்தாலும் காது எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தது.

400 ஹைவேயில் வடக்கே திரும்பினோம். மகளின் போன் வரத் தொடங்கியது. காரில் அதை இணைக்க எனக்குத் தெரியாது. மணி அடிக்க அடிக்க எனக்குப் பதறியது. அவரிடம் பின்னால் நீட்டி, "இதை நிப்பாட்டி வையுங்கோ" என்றேன். நிறுத்திவிட்டார். தமிழ் வானொலியில் யாரோ வீடு விற்பதைப் பற்றி விளம்பரம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். கொஞ்சத் தூரம் போக அதுவும் இரைச்சலாகி நின்றது. கட்டடங்கள் குறைந்து வயல் வந்தது, வயல் முடிந்து பாறை வந்தது. சிவப்பும் சாம்பலுமாகக் கலந்த பாறை. அதை வெட்டித்தான் நடுவே தெரு போட்டிருக்கிறார்கள். வெட்டிய முகத்தில் தண்ணீர் கசிந்தது. பாறைக்கு மேல் யாரோ கற்களை மனித உருவமாக அடுக்கி வைத்திருந்தார்கள். நான் வாயைப் பிளந்து பார்த்துவிட்டேன் போல.

"ரோட்டைப் பாரும்" என்றது பின்சீற்.

பரி சவுண்ட் என்ற ஊருக்குக் கிட்ட வரும்போது அவர் சத்தமே இல்லை. கண்ணாடியில் முகம் வெளிறிப் போயிருந்தது. காலம் முழுக்கத் தெருவிலேயே கிடந்த மனிதருக்குப் பின்சீற்றில் இருந்து தலை சுற்றிவிட்டது. பொக்கற்றில் கை விட்டால் எலுமிச்சம்பழம் அகப்பட்டது. டயருக்கு வைக்க மறந்துவிட்டேன் என்பது அப்போதுதான் தெரிந்தது. மனம் ஒரு கணம் துணுக்கென்றது. ஆனாலும் அதைப் பின்னால் நீட்டினேன். அவர் நகத்தால் கீறி மூக்கில் வைத்துக்கொண்டு வந்தார்.

இளைப்பாறும் இடமொன்றில் நிறுத்தி மரநிழலில் புட்டைப் பிரித்தோம். அவர் கொஞ்சம் தேத்தண்ணி குடித்தார். முகத்தில் நிறம் வந்தது. திரும்பிக் காருக்குப் போகும்போது பின்கதவில் கை வைத்தார், பிறகு எடுத்தார். சுற்றி வந்து முன்சீற்றில் ஏறி இருந்தார்.

"பின்னுக்கு இருந்து கத்தேலாது" என்றார். சில நேரங்களில் வாயை மூடிக்கொண்டிருப்பது எனக்கும் வரும்.

முன்சீற்றில் ஏறியதும் மனிதர் வேறு ஆளாகிவிட்டார். பக்கம் தெரியாததால் தலையை அங்கும் இங்கும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு எரிபொருள் நிலையத்தைக் காட்டி, இங்கேதான் ஒரு முறை பனியில் மாட்டுப்பட்டு, முன்பின் தெரியாத ஒரு பஞ்சாபி டிரைவரோடு ரொட்டி பகிர்ந்து சாப்பிட்டதாகச் சொன்னார். இந்தக் கதையை நான் முன்பு கேட்டதில்லை. இத்தனை வருடம் போனில் சாப்பிட்டீர்களா என்று மட்டும் கேட்டால் எப்படிக் கதை வரும்.

சட்பரியைக் கடந்து 17ஆம் ஹைவேயில் மேற்கே திரும்பியபோது தெரு ஒற்றையடிப் பாதை மாதிரி ஆகிவிட்டது. போவதற்கு ஒரு வரிசை, வருவதற்கு ஒரு வரிசை. இரண்டு பக்கமும் காடு. எதிரே மரக்குற்றி ஏற்றிய ட்ரக் ஒன்று கடந்தால் எங்கள் கார் ஆடும். நான் வேகத்தைக் குறைத்தேன். பிறகு இன்னும் கொஞ்சம் குறைத்தேன். அவர் தெருவைப் பார்த்து வாயால் ஓட்டிக்கொண்டிருந்ததால் அவரும் பின்னால் பார்க்கவில்லை. நான் கண்ணாடியைப் பார்த்தபோது எனக்குப் பின்னால் கலியாண ஊர்வலம் மாதிரி ஒரு வரிசை வந்துகொண்டிருந்தது. அதன் முடிவில் சிவப்பும் நீலமுமாக விளக்குச் சுழன்றது.

"ஆரையோ பொலிஸ் பிடிக்குது" என்றேன்.

"உம்மைத்தான்" என்றார்.

ஓரமாக நிறுத்தினேன். வரிசை முழுவதும் எங்களைக் கடந்து போனது. சிலர் நன்றி சொல்வதுபோல் ஹோர்ன் அடித்தார்கள். வந்தது ஒரு இளம் பெண் பொலிஸ். இவ்வளவு மெதுவாக ஓடினால் பின்னால் வருகிறவர்கள் பொறுமை இழந்து ஆபத்தாக முந்துவார்கள் என்று அமைதியாக விளங்கப்படுத்தினாள். பிறகு லைசென்ஸைக் கேட்டாள்.

நான் கைப்பையைத் திறந்தேன். பேர்ஸைத் திறந்தேன். அப்போது என் கண்முன்னால் வந்து நின்றது மாதா சொரூபம். அதற்குக் கீழே பை, பைக்குள் ஜக்கெற், ஜக்கெற்றின் பொக்கற்றுக்குள் என் லைசென்ஸ்.

"பை" என்றேன், தமிழில்.

அவர் என்னைப் பார்த்தார். ஒரு நொடியில் அவருக்கு விளங்கிவிட்டது. விளங்கியதும் சிரிக்கத் தொடங்கினார். முதலில் மூக்கால், பிறகு தோள் குலுங்க, பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு. லைசென்ஸ் பறிபோன நாளிலிருந்து நான் கேட்காத சிரிப்பு அது. எனக்கு அவமானத்தில் உடம்பெல்லாம் எரிந்துகொண்டிருந்தது. ஆனாலும் அந்தச் சிரிப்பு நின்றுவிடக் கூடாது என்றும் இருந்தது.

அவரே அந்தப் பெண்ணுக்கு ட்ரக்காரரின் ஆங்கிலத்தில் சொன்னார். இன்று நாள் சரியில்லை என்பதால் பையை வியாழக்கிழமையே பயணம் அனுப்பிவிட்டோம், லைசென்ஸ் அதற்குள் இருக்கிறது, தனக்கு ஓட லைசென்ஸ் இல்லை, எனக்கு இருக்கிறது, ஆனால் அது பக்கத்து வீட்டில் இருக்கிறது. அந்தப் பெண் எழுதுவதை நிறுத்திவிட்டுக் கேட்டாள். பை எங்களுக்கு முன்னால் போயிற்றா, பின்னால் நிற்கிறதா என்று கேட்டாள்.

என் பெயரையும் பிறந்த திகதியையும் வாங்கிக்கொண்டு தன் வாகனத்துக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். லைசென்ஸ் செல்லும், ஆனால் கையில் இல்லாமல் ஓடுவது குற்றம், இந்த முறை எச்சரிக்கையோடு விடுகிறேன், இன்னொரு பொலிஸ் பிடித்தால் தண்டப்பண ரிக்கெற் தரலாம் என்றாள். பின்னால் வரிசை சேர்ந்தால் ஓரம் கட்டி விடச் சொன்னாள். எங்கே போகிறீர்கள் என்று கேட்டாள். ஏரி பார்க்க என்றேன். நல்ல காலநிலை கிடைக்கும் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அவள் போன பிறகும் நான் காரை எடுக்கவில்லை. எலுமிச்சம்பழம் நசிக்கவில்லை, பை எடுக்கவில்லை, நாளும் கெட்ட நாள். இப்போது பொலிஸும் மறித்துவிட்டது. இதற்கு மேல் என்ன அறிகுறி வேண்டும்.

"திரும்புவம்" என்றேன். "பையை எடுத்துக்கொண்டு வேறை ஒரு நாளைக்கு வருவம்."

"திரும்பினால் நாங்கள் பிறகு வரமாட்டம்."

"சரிவரேல்லையப்பா. எல்லாம் பிழைச்சுப் போச்சு."

"என்ன பிழைச்சது? நீர் ஸ்காபரோவில இருந்து இவ்வளவு தூரம் ஓடியந்திருக்கிறீர். ரிக்கெற் தந்தால் வாங்குவம்." அவர் முழு உடம்பையும் என் பக்கம் திருப்பினார். அப்படித் திருப்பினால்தான் அவருக்கு என் முகம் தெரியும். "எனக்கு அந்த ஏரியைப் பார்க்க வேணும். உம்மோட."

அவர் தனக்கு ஒன்று வேண்டும் என்று சொல்லி எவ்வளவோ காலமாகிவிட்டது. நான் மூக்கைச் சீறினேன், கண்ணாடி பார்த்தேன், சிக்னல் போட்டேன். அந்தப் பெண் சொன்ன வேகத்தில் மேற்கே ஓட்டினேன்.

மாலை வெயில் இருக்கும்போதே வழியில் ஒரு மொட்டேலில் இறங்கினோம். அறைக்குள் போய் போனைப் போட்டவுடன் பக்கத்து வீட்டுக்காரியின் அழைப்பு வந்தது.

"அக்கா, நான் குளிச்சிட்டு பையோட வெளியில வாறன், காரைக் காணேல்லை. மகளும் என்னட்டைக் கேட்டு அழுகிறா. பையை நான் கூரியரில போட்டுவிடட்டோ?"

அவர் போனை என்னிடமிருந்து வாங்கினார். "வேண்டாம் தங்கச்சி. அது அங்கையே இருக்கட்டும். லைசென்ஸை மட்டும் ஒரு படம் எடுத்து அனுப்புங்கோ."

படம் வந்தது. என் லைசென்ஸுக்குப் பின்னால் மாதாவின் பாதம் தெரிந்தது. பொலிஸிடம் காட்டுவதற்கு அதைவிட நல்ல படம் கிடைக்காது என்று அவர் திரும்பவும் சிரிக்கத் தொடங்கினார். மகளுக்கு நான் போன் எடுத்து, வாங்க வேண்டிய ஏச்சை எல்லாம் வாங்கினேன்.

அடுத்த நாள் சூ செயின்ட் மேரி நகரைத் தாண்டி, தெரு வடக்கே திரும்பியது. ஒரு ஏற்றம் ஏறினோம். "இதில மெதுவா" என்றார். "இப்ப வலப்பக்கம் வளையும். வளைஞ்ச உடனை இடப்பக்கம் பாரும். இல்லை, நீர் பார்க்காதையும். கீழை ஒரு இடம் இருக்கு, அதில நிப்பாட்டிப் போட்டுப் பார்ப்பம்."

நிறுத்தினோம். இறங்கினேன். அவர் என் பக்கம் சுற்றி வந்து என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். கல்லுக் கரையில் கொஞ்சம் நடந்தோம்.

மற்றக் கரை தெரியவில்லை. அவர் போனில் சொன்னது சரிதான். கடல் மாதிரித்தான் அலை வந்து கல்லில் அடித்தது, ஆனால் உப்பு மணம் இல்லை. தண்ணீர் கரையில் பச்சையாகவும் தூரத்தில் கருநீலமாகவும் இருந்தது. எனக்கு அழுகை வந்தது, அழுதேன். இத்தனை காலம் அவர் தனியே நின்று பார்த்த இடம் இது. நான் அகப்பையோடு நின்று "சரி, சரி" என்ற போதெல்லாம் அவருக்கு முன்னால் இவ்வளவும் இருந்திருக்கிறது.

அவர் பார்வைக்கு ஒரு நேரத்தில் ஒரு துண்டுதான் அகப்படும். இடது கோடியில் தொடங்கி வலது கோடி வரை தலையை மெல்லத் திருப்பினார். பிறகு வலமிருந்து இடம். "தெரியுதோ?" என்று கேட்டேன்.

"தெரியுது. துண்டு துண்டாத் தெரியுது. ஒட்டிப் போட்டுப் பார்க்கிறன்."

ஜூன் மாதமென்றாலும் ஏரிக்காற்று எலும்பைத் துளைத்தது. அவருக்குக் குளிர்ந்தது. நீல ஜக்கெற் மாதாவின் காலடியில் இருந்தது. நான் என் சால்வையை எடுத்து அவர் தோளில் போட்டேன். மஞ்சள் பூப்போட்ட சால்வை. மறுக்காமல் இழுத்துப் போர்த்திக்கொண்டார். ஏரியைப் பார்த்தபடி சொன்னார்.

"உம்மடை கணக்குப்படி பார்த்தால் இந்தப் பயணம் செல்லாதப்பா."

"ஏன்?"

"பை வெளிக்கிட்டது, வந்து சேரேல்லை. உது பாதிப் பயணம். அடுத்த முறை ஒழுங்கா வரவேணும்."

நான் ஏரியைப் பார்ப்பதை விட்டுவிட்டு அவரைப் பார்த்தேன். தான் என்ன சொன்னார் என்பது அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. சால்வையைத் திரும்பவும் இழுத்துக்கொண்டு அவர் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே போனார். "புரட்டாதியில வருவம். இலை எல்லாம் நிறம் மாறியிருக்கும். தண்டர் பே வரைக்கும் ஓடுவீர்தானே?"

"ஓடுவன்" என்றேன்.

திரும்பி வந்த அன்று பக்கத்து வீட்டுக்காரி பையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தாள். நான் ஜக்கெற்றின் பொக்கற்றிலிருந்து லைசென்ஸை மட்டும் எடுத்துக்கொண்டேன். பையை வாங்கக் கை நீட்டியபோது அவர் மறித்தார்.

"அதை அங்கையே வையுங்கோ தங்கச்சி" என்றார். "நாங்கள் வெளிக்கிட்டிட்டம்."